மாடியில் இருக்கும் லோயர் ஆபீஸ்: காப்புறுதி இல்லாமல் மோதியவன் எழுதுவது

ஆபீஸ் பெயரைப் போடவில்லை. லோயரம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "வேணாம்ணே, எங்களுக்கு விளம்பர விதியெல்லாம் இருக்கு. நான் சொல்லி நீங்க எழுதின மாதிரி ஆயிடும்" என்றார். சரி, மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தைதான் எங்கள் ஊர், ஊர்க்காரர்களுக்கு அடையாளம் சொன்னால் போதும். கீழே ஹார்ட்வேர் கடை. வாசலில் சிவப்பு வாளியும் வெட்டுக்காரர்கள் போடும் ரப்பர் பூட்ஸும் தொங்கும். அதை ஒட்டிச் செங்குத்தாக ஒரு படி, மொத்தம் 23. ஏறி இறங்கி எண்ணிக்கை மனப்பாடம் ஆகிவிட்டது. ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிப் பல வருஷம் ஆகிறது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.

நான் செம்பனை ஆலையில் எடை மேடைக் கிராணி. லோரி வந்து நின்றால் குலையோடு ஒரு எடை, இறக்கிய பிறகு ஒரு எடை, அப்புறம் ரசீது. லோரிக்காரர் ரசீதை வாங்காமல் போனால் கூப்பிட்டுக் கையில் திணிப்பேன். அப்படிப்பட்டவன் என் சொந்தக் காரின் காப்புறுதி முடிந்து 19 நாள் ஆனதைப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

முழுக்க மறதி என்றும் சொல்ல முடியாது. 2023 பிப்ரவரியிலிருந்து சொந்தக் காருக்கு ரோட் டெக்ஸ் ஸ்டிக்கர் ஒட்டவேண்டியதில்லை, சாலைப் போக்குவரத்து இலாகாவின் மைஜேபிஜே செயலியில் இருந்தால் போதும் என்று ஆக்கினார்கள். முன்பெல்லாம் கண்ணாடியில் அந்த வட்டத்தைத் தினமும் பார்ப்போம், மாதம் நெருங்கினால் மனம் அரிக்கும். அது போன பிறகு செயலியை யார் திறந்து பார்க்கிறார்கள்? ஆனாலும் ஜூலை கடைசியில் மனைவி ஒருதடவை கேட்டாள். "போனஸ் வரட்டும்" என்றேன். வண்டி பழைய வீரா 1.5. ரோட் டெக்ஸ் 90 வெள்ளி (ரிங்கிட்). மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால் இரண்டும் சேர்ந்து 300 வெள்ளிக்குள் முடிந்திருக்கும். அந்தக் காசு அப்போது இல்லை என்றால் பொய். பையனுக்குப் புதுக் கைத்தொலைபேசி வாங்கியது அதே மாதம்தான்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஏழேகால். லேசான தூறல். தோட்டத்துப் பாதை பெரிய சாலையில் சேரும் சிம்பாங்கில் (சந்தியில்) வலப்பக்கம் திரும்பினேன். மோட்டாரில் வந்த மலாய்க்காரர் என் முன்பக்கத்தில் அடித்து விழுந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்துபோனது. நான் இறங்கி ஓடியபோது அவர் வலியிலும், "தாக் அபா, தாக் அபா" (பரவாயில்லை, பரவாயில்லை) என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் இன்னும் காதில் கிடக்கிறது.

அன்றிரவே பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ரிப்போர்ட் கொடுத்தேன். 24 மணி நேரத்துக்குள் கொடுத்தாகவேண்டும், அது தெரியும். அடுத்த காரியம்தான் வெட்கம். மறுநாள் காலை காப்புறுதி போடும் கடைக்குப் போய், தேதியை ஒருநாள் முன்னால் போட முடியுமா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தேதி என்ன அண்ணே, எத்தனை மணிக்கு ஆரம்பிக்குதுன்னு நிமிஷம் வரைக்கும் வந்துடும்" என்றார். நல்ல மனிதர், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குப் புதுக் காப்புறுதி எடுத்தேன். முந்தைய நாள் விபத்துக்கு அதனால் ஒரு காசு பிரயோஜனம் இல்லை.

போலீஸ் 300 வெள்ளி அபராதம் போட்டது தனி. காப்புறுதி இல்லாமல் ஓட்டியதற்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிறுத்தினார்கள். லோயர் எதற்கு, வீண் செலவு என்று தனியாகப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987, பிரிவு 90. அதிகபட்சம் 1,000 வெள்ளி அபராதம், அல்லது மூன்று மாதம் சிறை, அல்லது இரண்டும். எனக்கு 800 வெள்ளி. காசைக் கட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று பார்த்தால், 12 மாதம் வண்டி ஓட்டக்கூடாது என்றார்கள். அந்தப் பிரிவில் அதுவும் சேர்ந்தே வருமாம். சிறப்புக் காரணம் காட்டினால் மட்டும் கோர்ட் விடலாம். பிறகு லோயரம்மாவிடம் இதைச் சொன்னபோது, "மறந்துபோச்சுங்கிறது சிறப்புக் காரணத்துல வராதுண்ணே. இருந்தாலும் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒருவார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். அந்த வருஷம் முழுக்க மனைவி ஓட்டும் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து ஆலைக்குப் போனேன். எடை மேடையில் லோரிக்காரர்கள் கேலி செய்யாத நாள் இல்லை.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். அபராதம் கட்டியாச்சு, தண்டனை அனுபவிச்சாச்சு. கால் உடைந்தவருக்குத் தரவேண்டியது வேறு கணக்கு என்பது மண்டையில் ஏறவே இல்லை.

2024 ஜூனில் பதிவுத் தபால் வந்தது. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிச் சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். அரசாங்க முத்திரை இருந்ததால் வீட்டுப் பத்திரம் சம்பந்தமாக ஏதோ என்று நினைத்தாராம். வெள்ளிக்கிழமை மாடத்தைத் துடைக்கும்போது மனைவி எடுத்துக் கொடுத்தாள். பிரித்தால் ரிட் சமன், கால் உடைந்தவர் நஷ்டஈடு கேட்டு என்மேல் போட்ட வழக்கின் காகிதம். குவாலா சிலாங்கூர் செஷன்ஸ் கோர்ட். என் பெயர் பிரதிவாதி. தபால் வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

பதினோராம் நாள் அந்த 23 படியை ஏறினேன்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். வண்டி நிறுத்த இடமே கிடையாது. பாசார் மாலாம் (இரவுச் சந்தை) நாளில் வந்தால் நடந்துதான் வரவேண்டும். போன் அடித்தால் மூன்றுக்கு ஒன்று எடுப்பார்கள். முன்மேசையில் இருக்கும் பெண் நிமிர்ந்து பார்க்காமலேயே, "ஐசி நம்பர்?" என்று அடையாள அட்டை எண்ணைக் கேட்பாள். உட்காரும் நாற்காலிகள் மூன்று, அதில் ஒன்று ஆடும். ஏர்கோன் லோயரம்மாவின் அறையில் மட்டும். வயசானவர்களுக்கும் கால் முடியாதவர்களுக்கும் இந்தப் படி ஆகவே ஆகாது. விபத்து வழக்கு எடுக்கும் ஆபீசுக்கு இப்படி ஒரு படி!

இனி வேலைக்கு வருகிறேன். காகிதத்தைப் பார்த்ததும் லோயரம்மா என்னைக் கேட்ட முதல் கேள்வி, "இது எந்தத் தேதி கையில கிடைச்சது?" அம்மா கையெழுத்துப் போட்ட நாளைச் சொன்னேன். விரல்விட்டு எண்ணினார். கிடைத்த 14 நாளுக்குள் ஆஜராகிறோம் என்று கோர்ட்டில் பதியவேண்டுமாம். விட்டால் எதிர்த்தரப்பு நேராகத் தீர்ப்பு வாங்கிவிடலாம், நம் பக்கத்துக் கதையைக் கேட்க ஆள் இருக்காது. அப்படி வாங்கிய தீர்ப்பை உடைக்கவும் 30 நாள் கெடு, தனி மனு, தனிச் செலவு. என்னை உட்காரவைத்தபடியே அந்த மெமோரண்டத்தை அடித்து, சாயங்காலத்துக்குள் பதிந்துவிட்டார். அதற்கு அப்புறம்தான் காசு பேச்சு. மொத்தம் 3,500 வெள்ளி, நான்கு தவணை, எழுத்தில் கொடுத்தார்.

"காப்புறுதி இருந்திருந்தா உங்களுக்கு நானே தேவைப்பட்டிருக்க மாட்டேண்ணே. கம்பெனியே லோயர் வச்சு நடத்தியிருக்கும், கம்பெனியே கட்டியிருக்கும்." எனக்குச் சுருக்கென்றது. காப்புறுதி என்றால் காசு கொடுக்கும் என்று மட்டுமே நினைத்திருந்தேன். நமக்காக வழக்கும் ஆடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது தடவை போனபோது போலீஸ் வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். ராஜா காசார் என்று போட்டிருக்கும், பென்சிலில் போட்ட கோடு மாதிரி ஒரு படம், அங்கங்கே ஏ, பி, சி என்று எழுத்து, அடுத்த தாளில் ஒவ்வொரு எழுத்துக்கும் விளக்கம். ரப்பரை எடுத்து என் கார் என்று சிம்பாங்கில் வைத்தார். ஸ்டேப்ளர் அந்த மனிதரின் மோட்டார்.

"சிம்பாங்ல நின்னீங்களா, உருண்டுகிட்டே வந்தீங்களா?"

"நின்னேன்மா."

அவர் மறுக்கவில்லை. ரப்பரை விரலால் மெதுவாகத் தள்ளி சி என்ற எழுத்தில் நிறுத்தினார். "சி-ன்னா கண்ணாடித் தூள் கிடந்த இடம். பாருங்க, அவரோட லேன்ல பாதி தூரம் உள்ள. நின்னு பார்த்து எடுத்த கார் மூக்கு இவ்வளவு உள்ள எப்படிண்ணே போச்சு?"

ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாக வீட்டில், ஆலையில், கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் நின்றேன் என்றே சொல்லி நானும் நம்பியிருந்தேன். அந்த அறையில் ஏர்கோன் சத்தத்தில், ஆமாம், நிற்கவில்லை என்று முதல்முறையாக வாயால் சொன்னேன்.

"நல்லது. இனிமே யார் தப்புன்னு பேசி ரெண்டு வருஷம் ஓட்ட வேணாம். எவ்வளவுன்னு மட்டும் பேசுவோம்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். இவருக்கு முன்னால் இன்னொரு இடத்தில் போனில் விசாரித்திருந்தேன். அங்கே, "மோட்டார்காரன் வேகமா வந்தான்னு போட்டுடலாம், கவலைப்படாதீங்க" என்றார்கள். இழுத்தடிக்கச் செலவு யாருடையது? என்னுடையது. தீர்ப்புத் தொகைக்கு வருஷத்துக்கு 5 சதவீதம் வட்டி வேறு ஏறும்.

எதிர்த்தரப்பு கேட்டது எலும்பு முறிவுக்குப் பொது நஷ்டஈடு 40,000 வெள்ளி, செலவு, சம்பள இழப்பு வகையில் சிறப்பு நஷ்டஈடு 14,600. மொத்தம் 54,600. எனக்குக் கண் இருட்டியது. திவால் ஆகிவிடுவேனா என்று கேட்டேன். கடன் 100,000 வெள்ளியைத் தொட்டால்தான் திவால் மனு போட முடியும், அந்தப் பயம் வேண்டாம் என்றார். "ஆனா தீர்ப்பு வந்தப்புறம் கட்டலைன்னா வீட்டுக்கு வந்து சாமான்ல ஸ்டிக்கர் ஒட்டி ஏலம் விடலாம். அந்தப் பயம் இருக்கட்டும்."

எம்.ஐ.பி. என்று ஒன்று இருக்கிறதாமே, காப்புறுதி இல்லாதவன் மோதினால் அவர்கள் கொடுப்பார்களாமே என்று ஆலையில் ஒருவர் சொன்னதையும் கேட்டேன். காப்புறுதிக் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு, உயிருக்கும் உடம்புக்கும் வந்த சேதத்துக்கு மட்டும், வண்டிக்கு இல்லை என்று விளக்கினார். "அது அடிபட்டவருக்காகண்ணே, உங்களுக்காக இல்ல. அவங்க கொடுத்தா, கொடுத்ததை உங்ககிட்ட வசூல் பண்ண வருவாங்க." ஆலைக்காரர் இந்தப் பின்பாதியைச் சொல்லவில்லை.

அப்புறம் சிவப்புப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியாகப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போய்வர 20 தடவை, தடவைக்கு 60 வெள்ளி என்று போட்டிருந்தது. சிகிச்சை அட்டையில் இருந்த தேதிகள் ஒன்பது. மனைவி கூட இருந்து பார்த்ததற்கு ஆறு மாதம் போட்டிருந்தார்கள். மூன்றாம் மாதமே அவர் ஊன்றுகோலோடு நடந்ததாக டாக்டர் அறிக்கை சொன்னது. சம்பள இழப்பு ஐந்து மாதம், மாதத்துக்கு 1,500. புல் வெட்டும் கொன்ட்ராக்ட் வேலை, சம்பளச் சீட்டே இல்லை, விடுப்புச் சீட்டும் அவ்வளவு நாளுக்கு இல்லை. இப்படியே தட்டித் தட்டி 14,600 கடைசியில் 6,200 ஆனது.

எனக்கு அங்கே கூச்சமாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். தாக் அபா என்றவருடைய பஸ் காசைக் குறைக்கிறோமே என்று இருந்தது. லோயரம்மா அதைப் பார்த்துவிட்டார். "அவருக்குப் பேச அவர் லோயர் இருக்கார். நான் உங்களுக்குப் பேசுறேன். இல்லாததை இருக்குன்னு நான் சொன்னா அப்போ என்னை நிறுத்துங்க." ஒருதடவையும் நிறுத்தவேண்டி வரவில்லை. முன்விளக்கு இரண்டு நாளாக எரியவில்லை என்று அந்த மனிதரே தன் போலீஸ் ரிப்போர்ட்டில் நேர்மையாகச் சொல்லியிருந்தார். அதை வைத்துத் தப்பில் 30 சதவீதம் அவர் மேல் போடலாமே என்றேன் நான். கூச்சப்பட்ட அதே ஆள்தான். "பத்து கேட்போம். முப்பது கேட்டா சிரிப்பாங்க" என்றார்.

பத்து கிடைத்தது. பொது நஷ்டஈடு 24,000க்கு இறங்கியது. 6,200ஐச் சேர்த்து 30,200. பத்து சதவீதம் கழித்து 27,180. கோர்ட் செலவையும் உள்ளடக்கி 27,000 வெள்ளி என்று 2025 மார்ச்சில் இருதரப்பும் ஒப்புக்கொண்ட தீர்ப்பாகப் பதிந்தார்கள். முதலில் 9,000, மீதியை மாதம் 500 வீதம் 36 மாதம். தவணை முறைக்கு எதிர்த்தரப்பை இறக்கியதும் இவர்தான். என் சம்பளச் சீட்டையும் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் மறைக்காமல் காட்டினார். ஒரு மாதம் தவறினால் மிச்சம் முழுவதும் ஒரே மூச்சில் கேட்கலாம் என்று நிபந்தனை உண்டு. அதை எனக்கு இரண்டு தடவை தமிழில் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினார். 9,000க்கு மனைவியின் ஆரம் அடகுக் கடைக்குப் போனது. அது அவள் அம்மா தென்னமரம் தோட்டத்தில் வேலை செய்து சேர்த்து வாங்கிய நகை. இந்த நாட்டில் வியாபாரத்துக்கு முதன்முதலாகச் செம்பனை நட்ட தோட்டம் அதுதான், 1917இல். பெயர் தென்னமரம், நட்டது செம்பனை, எங்கள் ஊர் அப்படி. ஆரம் இன்னும் திரும்பவில்லை. மனைவி ஒன்றும் சொல்வதில்லை, கல்யாணப் பத்திரிகை வந்தால் மட்டும் கழுத்தைத் தடவிக்கொள்வாள்.

நடுவில் ஒரு கடுப்பும் உண்டு. வழக்கு மேலாண்மைத் தேதி என்று ஒரு நாள் குறிப்பிட்டிருந்தது. சம்பளமில்லா விடுப்புப் போட்டு, லைசன்ஸ் இல்லாததால் இரண்டு பஸ் மாறி, குவாலா சிலாங்கூர் கோர்ட்டு வாசலில் காலை எட்டரைக்கு நின்றேன். பத்து மணி வரை யாரும் என் பெயரைக் கூப்பிடவில்லை. போன் பண்ணினால், அன்றைக்கு ஈ-ரிவியூவாம், லோயர்கள் கணினியிலேயே எழுதி முடித்துவிடுவார்களாம், நான் வரவே தேவையில்லையாம். முன்மேசைப் பெண் சொல்ல மறந்துவிட்டாள். லோயரம்மா மன்னிப்புக் கேட்டார், அந்தப் பெண் கேட்கவில்லை. ஒருநாள் சம்பளமும் பஸ் காசும் போனதுதான். அன்று கடலோரச் சீனர் கடையில் மீன் தலை சாப்பிட்டுத் திரும்பினேன், அது மட்டும் நன்றாக இருந்தது.

போகிறவர்கள் கையோடு கொண்டுபோகவேண்டியவை: வந்த உறை, தபால் முத்திரை தெரியும்படி. உங்கள் போலீஸ் ரிப்போர்ட், கிடைத்தால் எதிராளியுடையதும். வண்டிப் படங்கள், கைத்தொலைபேசியில் இருந்து அழிக்காமல். பழைய காப்புறுதிக் காகிதம், முடிந்துபோனதாக இருந்தாலும். எனக்குக் காலாவதி தேதி 19 நாள்தான் கடந்ததா என்பதையே இவர் முதலில் சரிபார்த்தார். ஒரு நாள் கணக்குப் பிசகினாலும் கதையே மாறும் என்றார். எனக்குப் பிசகவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், மூன்று மணிக்கு மேல்தான் திறப்பார்கள். காலை ஒன்பதுக்கே போனால் அந்த ஆடும் நாற்காலியைத் தவிர்க்கலாம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்ததில் பாதி அந்தப் படிக்கு, பாதி முன்மேசைக்கு.

தவணை ஒன்பது கட்டியாகிவிட்டது, 27 பாக்கி. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி வங்கியில் போட்டுவிட்டு, சீட்டின் நகலைக் கொடுக்க மாடி ஏறுகிறேன். அந்த மனிதரைப் போன மாதம் பாசார் மாலாமில் பார்த்தேன். இடது காலை லேசாக இழுத்து நடந்தார். கையில் அப்பம் பாலிக் பொட்டலம். என்னை அடையாளம் தெரிந்து தலையாட்டினார். நானும் ஆட்டினேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை, சோளம் விற்கும் கடைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

இன்னொன்று, கடைசி பில்லில் நகல் செலவு என்று 186 வெள்ளி இருக்கிறது. எத்தனை பக்கம், பக்கத்துக்கு எவ்வளவு என்று முன்மேசையில் மூன்று தடவை கேட்டுவிட்டேன். "மேடம்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்கிறாள். எடை மேடையில் வேலை பார்க்கிறவனிடம் இதைச் சொன்னால் விடுவேனா? 5ஆம் தேதி மறுபடி கேட்பேன்.